கேபிளில் நான்கு சுற்று

பாத்திரக் கடை முதலாளி சொக்கலிங்கம் காரை விட்டு இறங்கும்போதே தீர்ப்போடுதான் இறங்கினார்.

"அண்ணே, இவன் கிளட்ச் மேலயே காலை வச்சு ஓட்டியிருக்கான். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, இன்னைக்கே கணக்கை முடிச்சு அனுப்பிர்றேன்."

இவன் என்றது டிரைவர் முத்துப்பாண்டியை. கீழக்குயில்குடிக்காரர். பதினோரு வருடமாக அந்தக் காரை ஓட்டுகிறவர். ஐம்பதை நெருங்கும் வயதில் வேறு முதலாளி கிடைப்பது எளிதல்ல. வண்டியின் மறுபக்கம் நின்று தோள் துண்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். நான் எண்ணியவரை ஆறு தடவை.

என் மெக்கானிக் ஷெட் அவனியாபுரத்தில். கார் பதினெட்டு வருடப் பழசு. கிளட்ச் பிளேட் மாற்றி எழுபத்திரண்டு நாள்தான் ஆகியிருந்தது. மாற்றியவன் நான்.

ஏர்போர்ட் ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். ஆக்சிலேட்டரை மிதித்தால் எஞ்சின் கத்துகிறது, வண்டி வேகம் எடுக்கவில்லை. தீய்ந்த வாடை வேறு. திரும்பி வந்து, ஹேண்ட் பிரேக் பிடிக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்து, நான்கு சக்கரத்துக்கும் கட்டை வைத்து, எல்லோரையும் முன்னாலிருந்து விலகச் சொல்லி, நாலாவது கியரில் கிளட்சை மெல்ல விட்டேன். நல்ல கிளட்ச் என்றால் எஞ்சின் அணைந்துவிட வேண்டும். ஏழு வரை எண்ணினேன். ஓடிக்கொண்டேயிருந்தது. பிளேட் பிடிக்காமல் ஸ்லிப் ஆகிறது, சந்தேகமில்லை.

"பாத்தீங்களா?" என்றார் முதலாளி.

"மொதலாளி, சத்தியமா நான் பெடலு மேல காலை வைக்கிறதே இல்லை" என்றார் முத்துப்பாண்டி.

"அப்ப பிளேட்டு தானா எரிஞ்சிருச்சா? எம்புட்டுத் தடவை சொல்லியிருக்கேன்! எதுக்கெடுத்தாலும் 'சரிங்க மொதலாளி'ம்பான். இதுக்கு மட்டும் வாய் வருது."

கியர்பாக்ஸை உடனே இறக்கியிருக்கலாம். ஆனால் பிளேட்டைப் பார்த்து யார் எரித்தது என்று சொல்ல முடியாது. டிரைவர் கால் வைத்து ஓட்டினாலும் சரி, பெடலிலிருந்து கிளட்சுக்குப் போகும் கேபிள் அளவுக்கு மேல் இறுகியிருந்தாலும் சரி, கிளட்ச் கொஞ்சம் மிதிபட்டபடியே இருக்கும். பிளேட் ஒரே மாதிரிதான் தீயும். எது காரணம் என்று கேபிள்தான் சொல்லும். கியர்பாக்ஸை இறக்க அந்தக் கேபிளைக் கழற்றியாக வேண்டும். கழற்றினால் அத்தாட்சி போய்விடும்.

பெடலை ஒரு விரலால் அழுத்தினேன். இறுக்கம் தட்டுவதற்கு முன் இரண்டு விரல்கடை சும்மா இறங்க வேண்டும். அதைத்தான் ப்ளே என்போம். துளிகூட ப்ளே இல்லை.

அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பிளேட் மாற்றிய ஒன்பதாம் நாள், கியர் சரியாக விழவில்லை என்று முதலாளியே ஓட்டி வந்தார். கல்யாண வீட்டுக்குப் போகிற அவசரம். சீட்டை விட்டு இறங்கவில்லை. நான் பானெட்டைத் திறந்து கேபிள் நட்டை நான்கு சுற்று இறுக்கினேன். கியர் விழுந்தது. அனுப்பிவிட்டேன். ஏன் விழவில்லை என்று யோசிக்கவில்லை. ப்ளே மிச்சமிருக்கிறதா என்றும் பார்க்கவில்லை.

"சொல்லுங்கண்ணே, இவன் கால்தானே?" என்றார் முதலாளி.

குனிந்து பெடலுக்கு அடியில் பார்த்தேன். ரப்பர் பாய், அதன் மேல் தேங்காய் நார்ப் பாய், அதற்கும் மேல் பச்சை பிளாஸ்டிக் பாய். மூன்று.

"இதெல்லாம் எப்பப் போட்டது?"

"பிளேட்டு மாட்டுன மறுவாரம்ணே" என்றார் முத்துப்பாண்டி. "செருப்பு மண்ணு ஒட்டுதுன்னு மொதலாளியம்மா போடச் சொன்னாங்க."

நட்டை நான்கு சுற்றுத் தளர்த்தினேன். ப்ளே வந்தது. பாய்களோடு மிதித்து ரிவர்ஸ் போட்டால் கறகறவென்றது. மூன்றையும் உருவிவிட்டு மிதித்தேன். சத்தமில்லாமல் விழுந்தது. பாய்கள் பெடலை அடிவரை போக விடவில்லை, அதனால் அன்று கியர் விழவில்லை. கோளாறு தரையில் இருக்க, நான் கேபிளை இறுக்கியிருக்கிறேன்.

இருவரும் என் வாயையே பார்த்தார்கள். டிரைவர் கால்தான் என்று சொல்லியிருந்தால் மறுத்து நிரூபிக்க அங்கே ஆளில்லை. முதலாளி கேட்க வந்ததும் அதைத்தான்.

"மொதலாளி, எரிச்சது பாண்டி இல்லை. நான்தான்."

நடந்ததை வரிசையாகச் சொன்னேன். முதலாளி தரையில் கிடந்த பாய்களைக் காலால் புரட்டினார்.

"முப்பத்தஞ்சு வருசமா வண்டி பாக்குற ஆளு, பாயைத் தூக்கிப் பாக்கலையா?"

"பாக்கலை."

"நாலு நாளா இவனை நாய வையிற மாதிரி வஞ்சிருக்கேன்ணே!"

 முத்துப்பாண்டி குறுக்கே வந்தார். "விடுங்க மொதலாளி. அம்மாகிட்ட மட்டும் நீங்களே சொல்லிருங்க. நான் சொன்னா அந்தப் பாயிலயே என்னையச் சுருட்டிருவாங்க."

முதலாளிக்கு அடக்கியும் சிரிப்பு வந்துவிட்டது. என்னைப் பார்த்ததும் நின்றது.

மறுநாள் புது பிளேட்டை என் செலவில் மாட்டினேன். முத்துப்பாண்டிதான் வந்து வண்டியை எடுத்துப் போனார், இன்றும் அவர்தான் ஓட்டுகிறார். ஆனால் அந்தக் கார் அதற்குப் பிறகு என் ஷெட்டுக்கு வந்ததில்லை. ஆரப்பாளையத்தில் யாரிடமோ விடுகிறார்களாம். நான் குறை சொல்லமாட்டேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம். நீங்கள் கைவைத்த வண்டி பழுதோடு திரும்பினால், உங்கள் கை பட்ட இடத்தை முதலில் அளந்து பாருங்கள். அதுவும் எதையும் கழற்றுவதற்கு முன்னால். கழற்றிய பிறகு, தப்பு நம்முடையதில்லை என்று நம்மை நாமே நம்பவைப்பது மிகச் சுலபம்.