பதினேழு வாசல்களில் நின்ற அண்ணன்

அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. நினைவுத் திருப்பலிக்கு வந்திருக்கும் உங்களுக்காக, அவருடைய ஒரே தங்கை நான் இதை எழுதுகிறேன். நல்லதை மட்டும் எழுதலாமா என்று அண்ணியிடம் கேட்டேன். "அவரே மறைக்கல. நீ எதுக்கு மறைக்கிற?" என்றார்.

அண்ணன் பிறந்தது மரக்காணத்தில், உப்பளத்துக்குப் போகும் வழியில் இருந்த எங்கள் கூரை வீட்டில். அப்பாவும் அம்மாவும் உப்பளக் கூலிகள். எழுபதுகளின் நடுவில் அவர் புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் புகுமுக வகுப்பு சேர்ந்தார். எங்கள் தெருவிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவர்தான். காலையில் பஸ் ஏறுவார், பொழுது சாயும்போது திரும்புவார்.

மாசி மாதம் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. ஆங்கிலத்தில் இருந்ததால் அண்ணனே படித்துச் சொன்னார். கெமிஸ்ட்ரியில் தவறிவிட்டதால் பல்கலைக்கழகத் தேர்வு எழுத முடியாதாம்.

"அந்த சாருக்கு என்னைப் புடிக்காதுப்பா. உப்பளத்துப் பையன்னு வேணும்னே மார்க்கைக் கொறைச்சிட்டாரு."

அப்பா அன்று சாப்பிடவில்லை. மறுநாள் மனு எழுத என்னை உட்கார வைத்தார். நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு.

"அந்த வாத்தியார வேலைய விட்டே எடுக்கணும்னு எழுது. அவரு பேரு என்னாடா?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு பேரைச் சொன்னார். நான் எழுதினேன். அவருடைய கெமிஸ்ட்ரி நோட்டில் தீபாவளிக்குப் பிறகு ஓர் எழுத்தும் இல்லை என்பதை நான் முன்பே பார்த்திருந்தேன். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

அப்பாவோடும் அம்மாவோடும் வேலை செய்த பதினேழு பேர் அந்த மனுவில் கைநாட்டு வைத்தார்கள். உப்பில் தேய்ந்த விரல்களில் ரேகை சரியாக விழவில்லை. சிலர் இரண்டு முறை, மூன்று முறை வைத்தார்கள்.

படித்துக் காட்ட ஆள் வேண்டுமென்று அப்பா அண்ணனோடு என்னையும் கல்லூரிக்கு அழைத்துப் போனார். முதல்வர் அறைக்கு அந்த ஆசிரியரையும் வரவழைத்தார்கள். ஒல்லியான மனிதர், விரலெல்லாம் சாக்பீஸ் தூள். நான் படிக்கப் படிக்க அவர் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது.

"இந்தப் பையன நான் சரியா பார்த்ததே இல்லீங்க சார்" என்றார் முதல்வரிடம்.

"பாக்காமத்தான் மார்க்கு போட்டீங்களா?" என்று அப்பா முன்னால் போனார். ஆசிரியர் பின்வாங்கிச் சுவரோடு நின்றார். முதல்வர் எழுந்துவிட்டார்.

அண்ணன் என் கையைப் பிடித்தார். "நிறுத்தும்மா. படிக்காத."

பிறகு முதல்வரைப் பார்த்துச் சொன்னார்: "சார் மேல தப்பில்லைங்க. தீபாவளிக்கு அப்புறம் நான் கிளாசுக்கே போவல. இங்கிலீஷ்ல நடத்தினது புரியல, கேக்க வெக்கமா இருந்துது. பீச்சுல உக்காந்துட்டு வீட்டுக்குப் போயிடுவேன். வருகை கொறைஞ்சதுன்னும் லெட்டர்ல இருக்குது. அத நான் அப்பாகிட்ட படிக்கல."

அப்பா ஆசிரியரைப் பார்த்துக் கைகூப்பினார். ஆசிரியர் வெளியே போய்விட்டார்.

பஸ் நிலையத்தில் அப்பா என் பக்கம் திரும்பினார். "உனக்குத் தெரியுமா?"

"அவளுக்கு ஒண்ணும் தெரியாதுப்பா" என்று அண்ணன் முந்திக்கொண்டார்.

"கைநாட்டு வெச்சவங்களுக்கு நான் என்னாடா சொல்றது?"

"நீங்க சொல்ல வாணாம்பா. நான் போய்ச் சொல்றேன்."

அன்று மாலையே பதினேழு வாசல்களிலும் ஏறி இறங்கினார். நானும் பின்னாலேயே போனேன். ஒரு வீட்டில் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார்கள். அம்மாவோடு உப்பு சுமந்த ஒரு பெண்மணி, "ரேகையே இல்லாத வெரல தேச்சுத் தேச்சு வெச்சேனே ராசா, பொய்க்கா வெச்சேன்?" என்று கேட்டார். அண்ணன் அவர் முன்னால் அசையாமல் நின்றார். எந்த வாசலிலும் இங்கிலீஷ் புரியவில்லை என்று அவர் சொல்லவில்லை. பொய் சொன்னேன், மன்னியுங்கள் என்பதைத் தவிர வேறு பேச்சில்லை.

அந்த வருடத்தை அண்ணன் மறுபடியும் படித்தார். அதே ஆசிரியரின் வகுப்பில் தினமும் எழுந்து சந்தேகம் கேட்பாராம், பையன்கள் சிரிப்பார்களாம். அப்பா ஆறு மாதம் அவரோடு பேசவில்லை. விடுமுறை நாட்களில் இருவரும் ஒரே பாத்தியில் பேச்சில்லாமல் உப்பு வாரினார்கள். தேறிய பிறகு பட்டம் முடித்து, தாலுகா அலுவலகத்தில் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார். என்னை ஆசிரியப் பயிற்சிக்கு அனுப்பியவரும் அவர்தான்.

கடைசி வாரத்தில் மருத்துவமனையில் அவரிடம் கேட்டேன். "எனக்குத் தெரியும்னு அப்பாகிட்ட ஏன் சொல்லல?"

"என்னுதை நான் சொன்னேன்மா" என்றார் மெதுவாக. "உன்னுதை நீதான் சொல்லணும்."

அவரைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், அழைத்ததும் கூனிமேட்டிலிருந்து வண்டியோடு ஓடிவந்த அவருடைய நண்பருக்கும், அடக்கம் முடியும்வரை உடனிருந்த பங்குத்தந்தைக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அந்தப் பதினேழு வீடுகளின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று வந்திருக்கிறீர்கள். அந்த மனுவை எழுதும்போதே அது பொய்யென்று எனக்குத் தெரியும். உங்கள் வாசல்களில் அன்று நான் அண்ணனுக்குப் பின்னால்தான் நின்றேன். என்னையும் மன்னியுங்கள்.