கூரையில் இருந்த பர்கர்

ஜெனல் ப்ரூயிட் இன்றும் பள்ளி நடைக்கூடத்தில் என்னைப் பார்த்தால் சிரித்து வணக்கம் சொல்கிறாள். நான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். ஐம்பத்தெட்டு வயதில் சின்னப் பிள்ளை மாதிரி நடந்துகொள்கிறேன் என்று என் கணவர் சொல்கிறார். சொல்லட்டும். அந்தப் புகைப்படத்தை அவர் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

இது கார்லிஸ் ஹேவர்கேம்ப்பின் கதை. எங்கள் கான்சாஸ் ஊரின் நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு இருபத்தாறு வருடம் மொழிப்பாடம் எடுத்தவள். நான் லோயிஸ், அவள் வகுப்பில் பதினோரு வருடமாக உதவியாளர். பக்கத்து அறை ஜெனலுடையது. ஏழாம் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் கார்லிஸிடம், மீதிப் பாதி ஜெனலிடம். இரண்டு பேரும் பத்தொன்பது வருடம் ஒரே மேசையில் மதிய உணவு சாப்பிட்டவர்கள்.

கார்லிஸ் ஒன்றும் தேவதை இல்லை. சூயிங்கம் மென்ற பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டு மறந்தே போவாள். காப்பிக் கோப்பையை வருடத்துக்கு ஒருமுறைதான் கழுவுவாள். ஆனால் அவள் வகுப்பில் ஒரு பிள்ளையும் தூங்கி நான் பார்த்ததில்லை. கதையில் வருகிறவன் செய்தது சரி என்பவர்கள் ஜன்னல் பக்கம் ஓட வேண்டும், தப்பு என்பவர்கள் கதவுப் பக்கம். ஓடினால் போதாது, கதையில் அதற்கான வரியைக் காட்ட வேண்டும். காட்ட முடியாதவன் கட்சி மாற வேண்டும். தேர்வு நெருங்கும்போது கேள்விக்கான நாலு விடைகளையும் தனித்தனித் தாளில் கொடுத்து, தப்பானவற்றைக் கசக்கிக் குப்பைத் தொட்டியில் எறியச் சொல்வாள். தூரத்திலிருந்து எறிந்து விழுந்தால் இரட்டை மதிப்பெண்.

பத்தி எழுதச் சொல்லிக்கொடுக்க அவளிடம் இருந்தது பர்கர்.

"மேல ரொட்டி. நீ என்ன சொல்ல வர்ற? சொல்லு. நடுவுல கறி. பாடத்துல அது எங்க இருக்கு? காட்டு. கீழ ரொட்டி. அதனால என்ன? விளக்கு. ஏன்டா ஜேரட், கறியே இல்லாம வெறும் ரொட்டியக் கொண்டாந்து வச்சிருக்க? உங்கம்மா ஆலையில இதத்தான் வெட்டுறாங்களா?"

பாதிப் பிள்ளைகளின் பெற்றோர் ஊர் இறைச்சி ஆலையில் வேலை பார்ப்பவர்கள். வகுப்பே சிரிக்கும்.

ஒவ்வொரு வருடக் கடைசியிலும் அதிகம் படித்த பிள்ளை வகுப்பின் உட்கூரையில் பதித்த சதுர அட்டைகளில் ஒன்றை இறக்கி அதில் படம் வரையலாம். அந்தப் புகைப்படம் வருவதற்கு ஒன்பது வருடம் முன்பு அந்த வாய்ப்பு ஜெனலின் மகள் டாம்சினுக்குக் கிடைத்தது. அவள் பெரிய பர்கர் ஒன்றை வரைந்து, மூன்று அடுக்கிலும் சொல், காட்டு, விளக்கு என்று எழுதினாள். அன்று ஜெனல் கேக் வாங்கி வந்தாள். பிறகு அந்த அட்டை மேலே போய் மற்ற அட்டைகளோடு சேர்ந்துவிட்டது. தலைக்கு மேலே ஒன்பது வருடம் இருப்பதை யார் அண்ணாந்து பார்க்கிறார்கள்?

புகைப்படம் வந்த வருடம்தான் எங்களிடம் மார்லெனிஸ் வந்தாள். மாநில வாசிப்புத் தேர்வில் மூன்று வருடம் தொடர்ந்து தேறாதவள். தேறாத பிள்ளைகளுக்கு, மற்றவர்கள் இசைக்குழுவில் வாசிக்கும் அதே மணி நேரத்தில் கூடுதல் வாசிப்பு வகுப்பு. மார்லெனிஸுக்கு ட்ராம்போன் மேல், நீட்டி மடக்கி ஊதும் அந்தப் பித்தளைக் குழல் மேல், பைத்தியம். வகுப்பு மாறும் இடைவேளையில் இசையறை வாசலில் போய் நிற்பாள். மணி அடித்ததும் தலையைக் குனிந்துகொண்டு வாசிப்பு வகுப்புக்குப் போவாள்.

செப்டம்பரிலேயே கார்லிஸ் அவளைக் கூப்பிட்டாள். "இந்த வருஷம் பாஸ் பண்ணு. எட்டாவதுல ட்ராம்போன் உன் கையில. நான் வாக்குக் குடுக்கறேன்."

பிள்ளை போனதும் நான் சத்தம் போட்டேன். "உன் கையில இல்லாத விஷயத்துக்கு ஏன் வாக்குக் குடுக்கற?"

"அவ பாஸ் பண்ணுவா, லோயிஸ்."

"பண்ணலன்னா?"

"நீ போய் தாள் நகலெடு."

அன்றிலிருந்து மதிய உணவை மார்லெனிஸ் எங்கள் அறையில்தான் சாப்பிட்டாள். தினம் ஒரு பத்தி. முதலில் வெறும் ரொட்டியாக வந்தது. கிறிஸ்துமஸுக்குப் பிறகு கறி வர ஆரம்பித்தது. பிப்ரவரியில் அவள் எழுதிய ஒரு பத்தியைக் கார்லிஸ் இரண்டு தடவை படித்துவிட்டு, எழுந்துபோய் மூக்கைச் சிந்திக்கொண்டு வந்தாள்.

அதே பிப்ரவரியில் தலைமையாசிரியர் வெஸ்லி ட்ரிப் கூட்டம் போட்டார். பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், அடுத்த வருடம் ஏழாம் வகுப்புக்கு ஒரே மொழி ஆசிரியர்தான், அது யார் என்பதற்குத் தேர்வு முடிவும் கணக்கில் வரும் என்றார். ஜெனலும் கார்லிஸும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. மதியம் வழக்கம்போல் சேர்ந்தே சாப்பிட்டார்கள்.

தேர்வு அறையில் விடைக்கு உதவுகிற எதுவும் கண்ணில் படக் கூடாது என்பது விதி. அதனால் முந்தின நாள் மாலை பள்ளி முழுக்கச் சுவர்களைப் பழுப்புத் தாளால் மூடுவோம். வருடா வருடம் ஜெனல் வந்து ஏணியைப் பிடித்துக்கொள்வாள், கார்லிஸ் ஏறி ஒட்டுவாள். அன்று நான் பேருந்து வரிசையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது நாலு சுவரும் மூடியிருந்தன. மூன்று பேரும் உட்கார்ந்து பெப்பர்மின்ட் மிட்டாய் தின்றோம். உதவக்கூடிய எதுவும் அறையில் இல்லை என்ற படிவத்தில் கார்லிஸ் கையெழுத்துப் போட்டாள், கீழே நானும் போட்டேன். இரண்டு பேருமே மேலே பார்க்கவில்லை. அது எங்கள் தப்புதான், மறுக்கவில்லை.

மறுநாள் பிள்ளைக்கு ஒரு பெப்பர்மின்ட் கொடுத்துத் தேர்வைத் தொடங்கினோம். மார்லெனிஸ் இரண்டரை மணி நேரம் கணினித் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முடித்து அனுப்பிய பிறகு எங்கள் பக்கம் திரும்பி, கையை நீட்டி மடக்கி ட்ராம்போன் வாசித்துக் காட்டினாள். தேர்வைக் கண்காணிக்கிற நாங்கள் சிரிக்கக் கூடாது. கார்லிஸ் பழுப்புச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

எட்டு நாள் கழித்து எங்கள் இருவரையும் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். வெஸ்லியும், வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து வந்த ஒரு பெண்ணும் இருந்தார்கள். மேசை மேல் ஒரு புகைப்படம். கூரையில் பர்கர் பளிச்சென்று தெரிந்தது. பத்தி எழுதும் கேள்விக்கு அது உதவி என்று பெயர் போடாத புகார். எங்கள் அறையில் எழுதிய இருபத்தேழு பிள்ளைகளின் தேர்வும் ரத்து. மதிப்பெண் இல்லாத பிள்ளை தேறாத பிள்ளைதான், எட்டாம் வகுப்பிலும் வாசிப்பு வகுப்பு.

"தப்பு என்னோடதுதான்," என்றாள் கார்லிஸ். "மேல பாக்கல." படத்தை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"வெஸ்லி, இது பரீட்ச அன்னிக்கி எடுத்ததில்ல."

"எப்படிச் சொல்றீங்க?"

"பின்னாடி சுவரு பாதிதான் மூடியிருக்கு. ஏணி மேல முதுகக் காட்டிட்டு நிக்கறது நான். கீழ பாருங்க, ஏணியப் பிடிச்சிருக்கற கை."

பார்த்தேன். படத்தின் ஓரத்தில் ஒரு கை, விரலில் நீலக்கல் மோதிரம். ஜெனலின் நாற்பதாவது பிறந்தநாளுக்குக் கார்லிஸ் என்னைக் கூட்டிக்கொண்டுபோய் வாங்கிய மோதிரம். ஒரு கை ஏணியைப் பிடித்திருக்கிறது, இன்னொரு கை படம் எடுத்திருக்கிறது.

"மேல ஒண்ணு இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்," என்றாள் கார்லிஸ். "மூடற தாள் என் கையிலதான் இருந்துது."

"யார் எடுத்தாங்கங்கறது இந்தப் புகாருக்குச் சம்பந்தமில்ல," என்றார் வெஸ்லி. அந்தப் பெண் ஒரு வரிகூட எழுதிக்கொள்ளவில்லை.

கார்லிஸ் நேரே ஜெனலின் அறை வாசலுக்குப் போனாள். சண்டை வரும் என்று நானும் பின்னால் போனேன். எனக்கு அந்தச் சண்டை வேண்டியிருந்தது.

"அது டாம்சின் வரைஞ்சது, ஜெனல்."

ஜெனல் மோதிரக் கையைச் சட்டைப் பைக்குள் விட்டாள். "எனக்கும் வேல வேணும், கார்லிஸ். நான் பொய் எதுவும் சொல்லலயே."

"ஆமா, நீ எதுவுமே சொல்லல," என்றாள் கார்லிஸ். கூட இருந்தே குழி பறித்தவளிடம் அவ்வளவுதான் பேசினாள். நானாக இருந்தால் ஊர் கேட்கக் கத்தியிருப்பேன்.

மார்லெனிஸிடம் கார்லிஸ் அன்று மதியமே சொன்னாள். பிள்ளை அழவில்லை. கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தாள்.

"நீங்க வாக்குக் குடுத்தீங்க மிஸ்."

"குடுத்தேன்."

"நான் தப்பா எழுதிட்டேனா?"

"இல்லம்மா. நீ நல்லா எழுதியிருப்ப."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? அத யாருமே படிக்கப் போறதில்லையே."

மறுநாளிலிருந்து அவள் சாப்பிட வரவில்லை. எட்டாம் வகுப்பில் இசைக்குழு வாசிக்கும் நேரத்தில் வாசிப்பு வகுப்பில் உட்கார்ந்தாள். இசையறை வாசலில் நிற்பதையும் விட்டுவிட்டாள்.

ஏழாம் வகுப்பு முழுவதும் ஜெனலுக்குப் போனது. கார்லிஸை ஆறாம் வகுப்புக்குப் பின்கட்டிடத்துக்கு மாற்றினார்கள், அவளோடு நானும் போனேன். மறு வருடம் தேர்வுக்கு முந்தின நாள் மாலை, பேருந்து வேலையை வேறு ஆளிடம் தள்ளிவிட்டு ஓடி வந்தேன். கார்லிஸ் ஏணியை விரித்துக்கொண்டிருந்தாள். போய் இரண்டு கையாலும் பிடித்தேன்.

"விடு, லோயிஸ்."

"விழுந்து வைக்காத. நான் பிடிச்சுக்கறேன்."

அவள் ஏறவில்லை. என் கைகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"நீ வெளிய போய் இரு. முடிச்சிட்டுக் கூப்பிடறேன்."

நான் நடைக்கூடத்தில் போய் நின்றேன். உள்ளே ஏணி ஆடுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது.