ரீட்டாவின் செல்லாத சோதனை

வரிச்சிக்குடி அங்கன்வாடியில் மதியச் சோற்றுக்குப் பிறகு பிள்ளைகளைத் தூங்கவைப்பதில் ரீட்டா டீச்சரை அடித்துக்கொள்ள ஆளில்லை. காரணம், முதலில் தூங்குவதே அவள்தான். டீச்சரே கண்ணசந்த பிறகு பிள்ளைகளுக்கு என்ன தயக்கம்! சித்திரை வெயிலில் ஊரே வியர்த்து வடியும்போது அவள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவாள்.

இரண்டாவது பிள்ளை பிறந்ததிலிருந்துதான் இப்படி. அந்தப் பிரசவத்தில் ரத்தம் ஏகமாகப் போய், பிழைத்ததே பெரிய விஷயம். தாய்ப்பால் ஊறவில்லை, மாதவிலக்கு திரும்பவில்லை, தெம்பும் திரும்பவில்லை. புருஷன் லூர்துநாதன் பஸ் கண்டக்டர். எதையும் நாலு ஸ்டாப்புக்குக் கேட்கிற மாதிரிதான் சொல்வார். "எங்க வீட்டுக்காரி சுத்த சோம்பேறிங்க" என்பதையும் அப்படித்தான் வருஷக்கணக்காகச் சொல்லி வந்தார். ஊர் சொன்னால் பொறுத்துக்கொள்வாள். அவர் சொன்னால் ரீட்டாவுக்கு நெஞ்சு எரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அவள் மயங்கி விழுந்தாள். அப்புறம் போய்ப் பார்த்த புதுச்சேரி டாக்டரம்மாதான் பிரசவக் கதையை முழுசாகக் கேட்டார். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அன்றைக்கே ரத்தமில்லாமல் அடிபட்டிருக்கலாம் என்றார். ஓர் ஊசி போட்டு, கார்டிசால் என்ற ஹார்மோன் ஏறுகிறதா என்று ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். முடிவு, நல்லதையும் கோளாறையும் பிரிக்கிற கோட்டுக்கு மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை. கோட்டின்மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது.

"இந்த டெஸ்ட் சில பேர் விஷயத்துல ஏமாத்திடும்" என்றார் டாக்டரம்மா. "இன்சுலின் டெஸ்ட் பண்ணிப் பாப்போம். சர்க்கரையை நல்லா இறக்கினா உடம்பு பயந்துக்கும். அப்பவும் கார்டிசால் எழும்பலைன்னா கோளாறுதான்."

"எழும்பிடுச்சுன்னா?" என்றார் லூர்துநாதன்.

"சுரப்பி நல்லா இருக்குன்னு அர்த்தம்."

"அப்ப சோம்பேறித்தனம்தான்!"

ரீட்டா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சோதனை நாளன்று டாக்டரம்மா முன்கூட்டியே எச்சரித்தார். "வேர்க்கும், நடுங்கும். நாங்க பக்கத்துலயே இருப்போம். நாங்க சொல்ற வரைக்கும் எதுவும் சாப்பிடக் கூடாது."

ஊசி ஏறியது. வேர்வையையே மறந்திருந்த ரீட்டாவுக்கு நெற்றி நனைந்தது, உதடு நடுங்கியது. "என்னங்க, ஒரு மாதிரி வருதுங்க" என்றாள். அதற்கப்புறம் சர்க்கரை இறங்குவது நின்று, ஏற ஆரம்பித்தது. நர்ஸ் கருவியைத் தட்டிப் பார்த்தார். டாக்டரம்மா ரீட்டாவின் கன்னத்தைப் பார்த்தார்.

"வாயைத் திறங்கம்மா."

கன்னத்துக்கு ரெண்டாக ஆரஞ்சு மிட்டாய்.

"நர்ஸம்மா அந்தப் பக்கம் திரும்பினப்ப நான்தாங்க குடுத்தேன்" என்றார் லூர்துநாதன். "இவ நடுங்கறதப் பாத்துக்கிட்டு நிக்க முடியலங்க."

"இந்த டெஸ்ட் செல்லாது. இன்னொரு நாள் வரணும்" என்று டாக்டரம்மா சத்தம் போட்டார்.

ரீட்டா மிட்டாயை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு கேட்டாள்: "சோம்பேறிக்கு எதுக்குங்க மிட்டாய்?"

நாலு ஸ்டாப்புக்குக் கேட்கப் பேசுகிறவர், மிட்டாய்த் தாள்களைச் சத்தம் வராமல் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டார்.

அடுத்த முறை அவரை வராந்தாவிலேயே நிறுத்திவிட்டார்கள். சர்க்கரை வேண்டிய அளவுக்கு இறங்கியது. கார்டிசால் அசைந்து கொடுக்கவில்லை. முடிவு வந்ததும் டாக்டரம்மா இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"சுரப்பிதான் வேலை செய்யல. இனிமே தினமும் மாத்திரை போடணும்."

நோய் இருக்கிறது என்று கேட்டு ரீட்டாவைப் போல வாய்விட்டுச் சிரித்தவரை அந்த ஆஸ்பத்திரி பார்த்திருக்காது. அவ்வளவு நிம்மதி அவளுக்கு. லூர்துநாதன் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு தேம்பினார்.

"எனக்கும் சேத்து நீங்களே அழுதுடுங்க" என்றாள் ரீட்டா. "எனக்கு அழுவுற தெம்பு மாத்திரை போட்டப்புறம்தான் வரும்."