யாரிடம் சொன்னீர்கள்?

அயர்லாந்தில் நான் நர்ஸாக வேலை பார்க்கும் மருத்துவமனையில் காலை ஏழரைக்கு ஹேண்ட்ஓவர். ஷிஃப்ட் முடித்துக் கிளம்புகிறவர், புதிதாக வந்து நிற்பவர்களிடம் ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் சொல்லிவிட்டுப் போகவேண்டும். சேர்ந்த முதல் வாரம் நான் என் பங்கை ஒப்பித்துக்கொண்டிருந்தேன். "டாக்டர் கேம். ஸ்கேன் ரிசல்ட் டோல்ட்" என்று நிறுத்தினேன். எனக்கு வாக்கியம் முடிந்துவிட்டது. எதிரே ஐந்து பேர் பேனாவைப் பிடித்தபடி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பல்லில் ஏதாவது ஒட்டியிருக்கிறதோ என்றுகூட நினைத்தேன். கடைசியில் வார்டு மேனேஜர் ஃபியோனாதான் மெதுவாகக் கேட்டார்: "டோல்ட் ஹூ?" யாரிடம் சொன்னார்? அதைக் கேட்டபிறகுதான் அப்படி ஒரு கேள்வி இருப்பதே எனக்கு உறைத்தது.

எங்கள் ஊர் மீன்சுருட்டி. அங்கே அம்மா "சொல்லியாச்சு" என்றால் யாரும் யாரிடம் என்று கேட்கமாட்டார்கள். யாருக்குத் தெரியவேண்டுமோ அவர்களுக்குத் தெரிந்திருக்கும், அவ்வளவுதான். "சொன்னேன்" என்றால் சொன்னது நான்தான் என்று அந்தச் சொல்லின் முடிவே காட்டிக்கொடுத்துவிடும்; கேட்டவர் யார் என்பதை நாம் கண்டுகொள்வதில்லை. ஆங்கிலம் தலைகீழ். டோல்ட் என்பதை நானும் சொல்லலாம், நீங்களும் சொல்லலாம், அதற்குக் கவலையில்லை. ஆனால் பக்கத்தில் ஒரு ஹிம்மோ ஹெர்ரோ வந்து உட்காரும்வரை அது நிம்மதியாக இருக்காது. அதிலும் வினைக்கு வினை குணம் வேறு. டெல் ஹெர் என்றால் நேராக ஆளிடமே போய்விடும். எக்ஸ்பிளைன் அப்படிப் போகாது. எக்ஸ்பிளைன் இட் டு ஹெர். முதலில் விஷயம், பிறகு ஒரு டு, அப்புறம்தான் ஆள். லுக் அட் ஹெர் என்றால் அவளைப் பார்ப்பது, லுக் ஃபார் ஹெர் என்றால் தேடுவது, லுக் ஆஃப்டர் ஹெர் என்றால் கவனித்துக்கொள்வது. நடுவில் ஒரு துணுக்குச் சொல் மாறினால் இரண்டு மனுஷிகளுக்கு இடையில் நடப்பதே மாறிவிடுகிறது. வேலைக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்து இவற்றை நோட்டில் எழுதிப் பழகியபோது எனக்கு வாய் பிளந்துபோனது. பெரம்பலூரில் நர்ஸிங் படித்த நாலு வருஷமும் இதே ஆங்கிலத்தைத்தான் மனப்பாடம் செய்தேன். ஒவ்வொரு வினைக்குப் பக்கத்திலும் ஒரு ஆள் நிற்கிறார் என்று யாரும் அப்போது காட்டவில்லை.

இப்படியிருக்கும்போதுதான் எங்கள் வார்டில் நோயாளியாக நோரா வந்து சேர்ந்தார். எண்பதை நெருங்கும் பெண்மணி, குறும்புக்காரர். ஸ்கேனில் புற்றுநோய் ஈரல்வரை பரவியிருப்பது தெரிந்தது. மதியம் டாக்டர் வந்து பேசுவதாக ஏற்பாடு. அதற்கு முன்பே நோராவின் மகள் வந்துவிட்டார். அவரைத் தனியாக அழைத்துப்போய் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, குரலைத் தாழ்த்தி எல்லாவற்றையும் நானே சொன்னேன். ஒரு நர்ஸ் செய்யக்கூடிய பெரிய கருணை இதுதான் என்று நினைத்தேன். மகள் வெளிறிப்போய், "டஸ் மாம் நோ?" என்றார், அம்மாவுக்குத் தெரியுமா என்று. நான் ஆறுதலாகச் சிரித்தேன். "நோ, நோ. வி கெப்ட் இட் ஃப்ரம் ஹெர்." இல்லையில்லை, அவரிடமிருந்து மறைத்துவிட்டோம். ஒரு பிசிறில்லாத வாக்கியம். கீப் இட் ஃப்ரம் ஹெர் என்று நோட்டில் பத்துத் தடவை எழுதியது வீண் போகவில்லை. மகளோ நான் திருடியதைக் கண்ணால் கண்டவர்போல எழுந்து நின்றார். "அம்மாவுக்குத்தானே நோய்? எனக்கு ஏன் முதலில் சொன்னாய்?"

ஃபியோனா என்னை அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினார். திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. அது நோராவின் செய்தி, அவருக்கு வந்த கடிதத்தை நீ பிரித்துவிட்டாய் என்றார். நடந்ததை எழுதித்தரச் சொன்னார். எழுதும்போது எனக்கு அப்பாவின் முகம்தான் கண்முன் வந்தது.

அப்பா அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டியவர். அவரைத் திருச்சிக்குக் கூட்டிப்போனபோது நான் நர்ஸிங் முதல் வருஷம். டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "பேஷன்ட் கொஞ்சம் வெளிய இருங்க" என்றார். நோயாளி வெளியே, நாங்கள் உள்ளே. அம்மா, தம்பி, நான் மூவரும் கேட்டுக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தோம். பெஞ்சில் அப்பா தன் பழைய ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். எல்லாம் ஆங்கிலம்.

"என்னம்மா எழுதியிருக்கு?"

"வயித்துப்புண்ணுப்பா. காரம் சேக்கக் கூடாதாம்."

நான் சொன்னேன் என்பதற்காக அந்த மனுஷன் அன்றிலிருந்து மிளகாயைத் தொடவில்லை. ஏலாக்குறிச்சியில் இருந்த சித்தப்பாவோடு அவருக்குப் பேச்சுவார்த்தை இல்லாமல் பல வருஷம் ஆகியிருந்தது. "தை பொறக்கட்டும், ஒடம்பு தேறிரும். நேருல போயி அவன பாத்துட்டு வந்துர்றேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நாங்களும் சரிப்பா, சரிப்பா என்றோம். அவர் தை வரை இருக்கவில்லை. அந்த "சரிப்பா"வை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அன்று மதியம் டாக்டர் நோராவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னார். நானும் நின்றேன். ஓடிவிடலாம் போலிருந்தது. நோரா கேட்டார், கொஞ்சம் அழுதார், வலிக்குமா என்றார், எவ்வளவு நாள் என்றார். பிறகு கண்ணாடியை எடுத்துத்தரச் சொல்லி, ஒரு தாளில் வரிசையாக எழுதத் தொடங்கினார். நாயை யார் வைத்துக்கொள்வது, சவப்பெட்டிக்கு என்ன பூ, யாரை அழைக்கவே கூடாது. கடைசி வரியை எழுதியபோது அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தன் சாவைத் தன் கையால் ஒருத்தர் எழுதிக்கொண்டிருப்பதை நான் அதுவரை பார்த்ததில்லை. நான் செய்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். என்னை நன்றாகப் பார்த்துவிட்டு, "நௌ லிஃப்ட் மீ அப் எ பிட்" என்றார். தூக்கி உட்காரவைத்தேன். அதோடு கணக்கு முடிந்தது.

இந்த வருஷம் அம்மாவின் முறை. அரியலூரில் வேலை பார்க்கும் தம்பி செந்தில் போன் செய்தான். திருச்சியில் பார்த்தார்களாம். கர்ப்பப்பையில் புற்றுநோய், முற்றிய நிலை.

"அம்மாட்ட சாதாரணக் கட்டின்னு சொல்லிருக்கோம்க்கா. நீ பாட்டுக்கு எதையும் ஒளறிறாத. தெரிஞ்சா அதுவே அம்மாவக் கொன்னுரும்."

ஒன்பது நாள் நானும் வாயைத் திறக்கவில்லை. தினமும் அம்மாவோடு வீடியோவில் பேசினேன், சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று. அடுத்த வருஷம் முந்திரித் தோப்புக்கு வேலி போடவேண்டும் என்று அவள் திட்டம் சொன்னாள். "சரிம்மா" என்றேன். இதே சரியைத்தானே அப்பாவுக்கும் சொன்னோம்?

மறுநாள் மதிய பிரேக்கில் வீடியோவில் கூப்பிட்டேன். செந்தில் மாத்திரை வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தான். அம்மா தனியாக இருந்தாள். எந்த வினை, எந்த ஒட்டு என்று யோசிக்கத் தேவையில்லாத என் சொந்த மொழியில், எனக்கு வார்த்தை வரவில்லை. பிறகு சொன்னேன், அவளுக்கு, அவளைப் பற்றி, ஒன்றையும் மறைக்காமல். அவள் தலைக்குமேல் மின்விசிறி சுற்றும் சத்தம் எனக்குக் கேட்டது.

"எத்தினி நாளா தெரியும்?"

"ஒம்பது நாளும்மா."

"தம்பிக்கு?"

"அவனுக்கும்தான்."

"அதான் புள்ள சரியா சாப்புடவே இல்ல" என்றாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். வைத்தியம் உண்டா, எதுவரை தாங்கும் என்று கேட்டாள். தெரிந்ததைச் சொன்னேன். வேலி வேண்டாம், நீ ஒரு தடவை வந்துட்டுப் போ என்றாள். வாசலில் வண்டி நிற்கும் சத்தம். அம்மா சட்டென்று போனை முகத்தருகே கொண்டுவந்தாள்.

"எனக்குத் தெரியும்னு அவன்ட்ட சொல்லிறாத. பாவம், தாங்கமாட்டான்."

செந்தில் உள்ளே வந்து போனை வாங்கிக்கொண்டு இரண்டடி தள்ளிப் போனான். குரலைத் தாழ்த்தினான். "அக்கா, அம்மாட்ட ஒண்ணும் சொல்லிறலையே?"

"இல்லப்பா. சொல்லல."

"நல்லவேளைக்கா" என்று மூச்சு விட்டான். அவன் தோளுக்குப் பின்னால், கட்டிலில் உட்கார்ந்திருந்த அம்மா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், சரியாகச் செய்தாய் என்பதுபோல. அயர்லாந்துக்காரியாக ஒருத்தியிடம் சொல்லிவிட்டு, மீன்சுருட்டிக்காரியாக ஒருவனிடம் மறைத்துவிட்டு, அந்த ஒரே போனை நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன்.