நல்ல காலுக்குப் போட்ட கட்டு

என் காலில் ஒன்றுமே இல்லை. இத்தனை வருஷம் கழித்தும் சொந்தக்காரர்கள் யாராவது, சின்ன வயதில் நான் ஆட்டத்தில் கால் பிசகி உட்கார்ந்த கதையை ஆரம்பித்தால் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிடுகிறது. வலது காலும் நன்றாக இருந்தது, இடது காலும் நன்றாக இருந்தது. கட்டுப் போட்டவர்களுக்கும் அது தெரியும்.

எண்பதுகளில் ராஜபாளையத்தில் கூடைப்பந்து என்றால் மில்லில் ஷிப்ட் முடிந்தவர்கள் வீட்டுக்குக்கூடப் போகாமல் மைதானத்துக்கு வந்து நிற்பார்கள். விளக்கு வெளிச்சத்தில் ஆண்கள் ஆட்டம் நடக்கும். ஒரு பந்து வளையத்தில் விழுந்தால் அடுத்த தெரு வரைக்கும் சத்தம் கேட்கும். இம்புட்டுப் பைத்தியம் பிடித்த ஊருக்குப் பெண் பிள்ளைகளும் ஆடலாமே என்று மட்டும் தோன்றவில்லை. தோன்றியது என் சித்திக்கு. அம்மாவின் தங்கை. மதுரையில் காலேஜ் படித்தபோது டீமில் ஆடியவள். சித்தப்பா பட்டாளத்தில் இருந்தார், வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். மற்ற நாட்களில் சித்தியை ஏன் எங்கே என்று கேட்க அந்த வீட்டில் ஆளில்லை.

அவள் ஆறாவதிலிருந்து எட்டாவது வரை படிக்கும் பெண்களைச் சேர்த்து ஒரு கிளப் ஆரம்பித்தாள். ஆண்கள் கிளப்பின் சிமெண்டுத் தரையை விடியற்காலையில் மட்டும் எங்களுக்கு விட்டுக் கொடுத்தார்கள். பெரிய மனது என்று நினைத்துவிட வேண்டாம். அந்த நேரத்தில் அவர்களில் ஒருவரும் எழுந்திருக்க மாட்டார்கள், அவ்வளவுதான். வெளியூர்ப் போட்டியில் ஆண்கள் ஜெயித்தால் கோப்பை கொடுப்பார்கள். நாங்கள் ஜெயித்தால் எவர்சில்வர் சம்படம். முதல் தடவை அதை வாங்கிக்கொண்டு வந்தபோது, முறுக்குப் போட்டு வைக்க ஆகும் என்று அம்மா சந்தோஷப்பட்டாள். எனக்கு அழுகை வந்தது.

சித்தி வீடு வீடாகப் போய்த்தான் பிள்ளைகளைக் கேட்டு வாங்கினாள். பாதி வீடுகளில் முகத்துக்கு நேரே முடியாது என்றார்கள். மீதிப் பாதியில் எல்லா அப்பாக்களும் சொல்லி வைத்தாற்போல ஒரே நிபந்தனை போட்டார்கள். வயசுக்கு வருகிற வரைக்கும் ஆடட்டும், அதற்குப் பிறகு மைதானத்துப் பக்கம் கூப்பிடக் கூடாது. என் அப்பாவும் அதையேதான் சொன்னார். மச்சினிச்சி என்பதற்காக ஒரு மாதம்கூடக் கூட்டித் தரவில்லை.

இதனால் சித்தியின் டீம் ஒரு வருஷம்கூட ஒரே டீமாக இருந்ததில்லை. மற்ற கோச்சுகளுக்கு ஆட்கள் அடிபட்டுக் குறைவார்கள். இவளுக்குப் பத்திரிகை வந்து குறைவார்கள். ஒருத்தி தொலைவிலிருந்து பந்தைப் போடக் கற்றுத் தேர்ந்திருப்பாள், அந்த வாரமே மஞ்சள் தடவிய பத்திரிகையோடு அவளுடைய அப்பா வாசலில் வந்து நிற்பார். சித்தி ஒரு எவர்சில்வர் பாத்திரம் வாங்கிக்கொண்டு அந்தச் சடங்குக்குப் போய், சாப்பிட்டு, பிள்ளைக்குத் திருநீறு பூசிவிட்டு வருவாள். மறுநாள் காலையில் விசிலை வழக்கத்தைவிட ஓங்கி ஊதுவாள். எங்களை இரண்டு சுற்றுக் கூடுதலாக ஓட விடுவாள்.

வயசுக்கு வருவது என்றால் என்ன என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. கேட்டால் வாயிலேயே அடி விழும். டீமில் நெட்டையானவர்களே முதலில் காணாமல் போனார்கள் என்பதால், பெரியவர்கள் உயரத்தைப் பார்த்து முடிவு செய்கிறார்கள் என்று நானாகக் கண்டுபிடித்து வைத்திருந்தேன். மைதானத்தில் எம்பி எம்பிக் குதிப்பேன். வீட்டில் அப்பா தலை தெரிந்தால் முழங்காலை மடக்கி, தோளைக் குறுக்கிக்கொண்டு நடப்பேன். பிள்ளை கூனிப்போய் நடக்கிறாளே என்று அம்மா எனக்கு முட்டை அவித்துக் கொடுத்தாள்.

நான் எட்டாவது படிக்கும்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் போட்டி வந்தது. ஒரு சனிக்கிழமை அரையிறுதி, அடுத்த சனிக்கிழமை இறுதி. அரையிறுதியில் பாதி ஆட்டத்துக்கு மேல் நாங்கள்தான் முன்னால் இருந்தோம். அதில் பெரும் பங்கு நான் போட்டது, அடக்கமாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஒரு பந்துக்குப் பாய்ந்து விழுந்தேன். எழுந்து ஓடினேன். திடீரென்று சித்தி விசில் மாதிரி ஒரு குரல் கொடுத்து ஆட்டத்தை நிறுத்தச் சொன்னாள். கையில் துண்டோடு உள்ளே ஓடி வந்து அதை என் இடுப்பில் சுற்றினாள். பிள்ளைக்குக் கால் பிசகிவிட்டது என்று நடுவரிடம் சொன்னாள். எனக்கு ஒன்றுமில்லை என்று நான் குதித்துக் காட்டினேன். நடுவர் சிரித்தார். சித்தி சிரிக்கவில்லை.

"ஏட்டி, பேசாம உக்காரு. காலு பிசகிருச்சுன்னா பிசகிருச்சு."

பெஞ்சில் உட்கார்ந்து நான் பல்லைக் கடித்தேன். எனக்குப் பதிலாக இறங்கியவள் கையில் பந்து தங்கவே தங்காது. அவளை வைத்துக்கொண்டும் எங்கள் டீம் ஜெயித்துத் தொலைத்தது. தோற்றிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆட்டம் முடிந்ததும் சித்தி என்னைப் பள்ளிக்கூடத்துக் கக்கூஸுக்குக் கூட்டிப் போனாள். என் வெள்ளை அரைப்பாவாடையில் இருந்த கறையை அப்போதுதான் பார்த்தேன். செத்துப்போய்விடுவேனா என்று கேட்டேன். விழுந்ததில் உள்ளுக்குள் காயம், நாலு நாளில் ஆறிவிடும் என்றாள் சித்தி. வெளியே மூச்சுவிடக் கூடாது, யாராவது கேட்டால் கால் பிசகு என்றுதான் சொல்ல வேண்டும் என்றாள். உள்காயம் என்றால் அதைச் சொல்வதில் என்ன வெட்கம் என்று கேட்டேன். "சொன்னா அடுத்த சனிக்கிழமை ஆட முடியாது" என்றாள். அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. அவளே என் காலில் கட்டுப் போட்டாள், முதலுதவிப் பெட்டியில் இருந்த பேண்டேஜ் துணி முழுவதையும் சுற்றினாள். பஸ் ஸ்டாண்டில் எல்லோருக்கும் பால்கோவா வாங்கிக் கொடுத்தாள். கோபத்தில் எனக்கு வேண்டாம் என்றேன். ராஜபாளையம் வருவதற்குள் அதையும் வாங்கித் தின்றுவிட்டேன்.

வீட்டில் அம்மாவும் சித்தியும் அடுக்களைக்குள் போய்ச் செத்த நேரம் குசுகுசுவென்று பேசினார்கள். அம்மா வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. எனக்காகத்தான் அழுதாள் என்று நினைத்து, சாகமாட்டேன் என்று தைரியம் சொன்னேன். அவள் என் தலையில் ஒரு குட்டு வைத்து, நாலு நாளைக்கு நொண்டி நடக்கச் சொன்னாள்.

நொண்டுவது லேசான காரியம் இல்லை. நல்ல காலை வைத்துக்கொண்டு தெருவில் நொண்டினால் எதிரே வருகிற ஒவ்வொருவரும் நின்று வைத்தியம் சொல்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் டீச்சர் தைலம் தேய்த்துவிட்டார். எனக்கு எரிச்சல் மண்டிக்கொண்டு வந்தது. அந்த எரிச்சலில்தானோ என்னவோ, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கட்டு இடது காலில் இருக்க, வலது காலை நொண்டியபடி அப்பாவின் எதிரே போய் நின்றுவிட்டேன்.

அப்பாவுக்கு ஆஸ்பத்திரிகளுக்குப் பேண்டேஜ் துணி செய்து அனுப்பும் ஒரு ஆலையில் சூப்பர்வைசர் வேலை. நாள் முழுக்க அந்தத் துணியிலேயே புழங்குகிறவர். அவர் என் இரண்டு கால்களையும் மாறி மாறிப் பார்த்தார். உட்காரச் சொன்னார். கட்டை அவிழ்த்து, கணுக்காலைச் சுற்றி விரலால் அமுக்கினார். நான் முகத்தைச் சுளிக்க மறந்துபோனேன். அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. துணியைச் சுருட்டி, மறுபடியும் அதே இடது காலில், மேலிருந்து கீழாகப் பின்னல் போட்டு இறுக்கமாகக் கட்டினார்.

"சனிக்கிழமைக்குள்ள சரியாயிரும்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

நான் நேரே அடுக்களைக்கு ஓடி, அப்பாவை ஏமாற்றிவிட்டேன் என்று அம்மாவிடம் பெருமையடித்தேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். களைந்த அரிசியையே இன்னொரு முறை களைந்தாள். மறுநாள் அப்பா ஆலையிலிருந்து ஒரு சுருள் பஞ்சு கொண்டு வந்து அலமாரியில் வைத்தார். காலுக்கு எதற்குப் பஞ்சு என்று நான் கேட்டதற்கு, கிடக்கட்டும் என்றார். அதற்குப் பிறகு மாதாமாதம் அலமாரியில் ஒரு சுருள் இருந்தது.

சனிக்கிழமை ஆடினேன். ஜெயித்தோம். சம்படம் கொடுத்தார்கள்.

அடுத்த மாதம் மறுபடியும் அதே கறை. நான் சித்தி வீட்டுக்கு ஓடிப்போய், "இந்தத் தடவ நான் விழவே இல்லையே சித்தி" என்றேன். அவள் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு என்னிடம் எல்லாவற்றையும் சொன்னாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. இதற்காகவா அத்தனை நெட்டைப் பெண்களையும் வீட்டில் உட்கார வைத்தார்கள்? இதற்காகவா நான் கூனி நடந்தேன்? பரீட்சை முடிந்து லீவு விடுகிற வரைக்கும் இது நமக்குள் இருக்கட்டும், அதற்குள் இன்னும் இரண்டு போட்டி இருக்கிறது என்றாள் சித்தி. ஆத்திரத்தோடேயே சரி என்றேன். அந்த வருஷம் நான் ஆடிய மாதிரி யாரும் ஆடியிருக்க மாட்டார்கள்.

மே மாத லீவில் அம்மா ஒரு காலையில், பெண் பெரியவளாகிவிட்டாள் என்று அன்றுதான் நடந்தது போல அக்கம்பக்கத்தில் சொன்னாள். அப்பா மஞ்சள் தடவிய பத்திரிகையை எடுத்துக்கொண்டு சித்தி வீட்டுக்கும் போனார். தாய்மாமன் சீர் வந்தது. சித்தி எல்லோருக்கும் கொடுப்பதைப்போல எனக்கும் ஒரு எவர்சில்வர் பாத்திரம் கொடுத்து, திருநீறு பூசினாள். அதைத் தூக்கி எறியலாமா என்றிருந்தது. ஒன்பதாவதில் சேர்ந்த பிறகு நான் பந்தைத் தொடவில்லை. சடங்குக்கு மறுநாள் காலையில் அவள் விசிலை ஓங்கி ஊதினாளா என்று கேட்கவும் எனக்குப் பிடிக்கவில்லை.

வெகுகாலம் கழித்து, அப்பா போன பிறகு, ஏதோ பேச்சில் அம்மா சாதாரணமாகச் சொன்னாள். "அவிய கட்ட அவுத்த அன்னைக்கே கண்டுக்கிட்டாவ. எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல." சித்திக்கும் அது தெரியுமாம். அப்படியென்றால் அந்த வீட்டில் யார் யாரை ஏமாற்றினார்கள்? எல்லோரும் எல்லாம் தெரிந்துகொண்டு எனக்காக வாய்மூடி இருந்திருக்கிறார்கள், என்னிடம் மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அப்பா நல்லவர் என்று அம்மா அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. நிபந்தனை போட்டவர் அவர். ஒரு வார்த்தையில் அதை எடுத்திருக்கலாம். எடுக்காமல் என் நல்ல காலில் கட்டை இறுக்கிக் கட்டி, லீவு வருகிற வரைக்கும் எனக்குத் தவணை கொடுத்திருக்கிறார்.

சடங்கன்று பட்டும் மாலையுமாக மனையில் உட்கார்ந்திருந்தேன். பந்தியைக் கவனித்துக்கொண்டிருந்த அப்பா, கூட்டம் கொஞ்சம் விலகிய நேரத்தில் என் பக்கத்தில் வந்து நின்றார். வேட்டியைச் சரிசெய்தார். பிறகு, கால் இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

அது அப்பவே சரியாகிவிட்டது என்று நான் வாய் கூசாமல் சொன்னேன். தலையாட்டிவிட்டுப் பந்திக்குத் திரும்பிப் போனார். பாவம் அப்பா, கடைசி வரைக்கும் அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.