ஜெயமேரி போனில் சொன்ன காரணம்

பழுது என்னவென்று பார்க்காமலே சாமானைக் கழற்றி மாட்டுகிறவர்களைக் கண்டால் ஜெயமேரிக்குப் பற்றிக்கொண்டு வரும். வடமதுரை ரோட்டில் தகரக் கொட்டகை போட்டு, டிராக்டருக்கும் அறுவடை இயந்திரத்துக்கும் வயரிங் பார்க்கத் தொடங்கிப் பதினெட்டு வருடம் ஆகிறது. ஐடிஐ முடித்துவிட்டுக் கடை போட்ட புதிதில், "வீட்டுக்காரர் இல்லையா?" என்று வாசலோடு திரும்பிப் போனவர்கள் பலர். இன்று வயலில் வண்டி நின்றால் அதே ஆட்கள் அவளுக்குத்தான் முதலில் போன் அடிக்கிறார்கள். வண்டியைக் காட்டாமல் போனிலேயே வைத்தியம் கேட்பது இன்னொரு எரிச்சல்.

பெரியகருப்பன் அப்படித்தான் ஆயுத பூஜை முடிந்த வாரம் கூப்பிட்டார். அறுவடை இயந்திரம் வைத்து வாடகைக்கு விடுகிறவர். ஸ்டார்ட் பண்ணும்போதெல்லாம் கேபினில் உள்ள டிஸ்பிளே 'தொடர்பு இல்லை' என்று காட்டி அணைந்துபோகிறதாம்.

"பூஜைக்கு நம்ம டிரைவர் முருகேசன் கேபினத் தண்ணியடிச்சுக் கழுவுனாம்மா."

ஒரு டிராக்டருக்கு அடியில் படுத்திருந்த ஜெயமேரி, "அப்ப டிஸ்பிளேக்குள்ள தண்ணி போயிருக்கும்ணே" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

மூன்று வாரம் கழித்து மறுபடியும் போன். புது டிஸ்பிளே மாட்டியும் அதே கதை. அறுப்பு வேறு நெருங்கிவிட்டது. இந்தத் தடவை மீட்டரை எடுத்துக்கொண்டு நேரிலேயே போனாள்.

"முருகேசன் எங்கண்ணே? ஸ்டார்ட் அடிக்க ஆள் வேணும்."

"அவன அன்னைக்கே வேலைய விட்டு நிப்பாட்டிட்டேன். ஒம்பது வருசம் ஓட்டுனவனுக்கு எதக் கழுவணும், எதக் கழுவக் கூடாதுன்னு தெரிய வேணாமா? நீதான சொன்ன, தண்ணி போயிருக்கும்னு."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவரையே கேபினில் ஏறி உட்காரச் சொன்னாள். அவர் சாவியைத் திருகினார். இன்ஜின் முக்கி முனகிக் கிளம்பியது, டிஸ்பிளே அணைந்தது. அந்த நேரத்தில் பேட்டரியில் மீட்டர் பத்தே முக்கால் வோல்ட் காட்டியது. டிஸ்பிளேக்குப் போகும் பிளக்கில் ஏழுதான். நடுவில் எங்கோ கரண்ட் தடுக்கப்படுகிறது.

பேட்டரியின் எர்த் வயர் வண்டியின் இரும்புச் சட்டத்தில், சேஸிஸில், சேரும் போல்ட்டைக் கழற்றினாள். மேலே காய்ந்த சந்தனமும் குங்குமமும். வயர் முனைக்கு அடியில், பளபளவென்று பச்சைப் பெயிண்டு. வயர் இரும்பைத் தொடவே இல்லை.

"இதுக்குப் பெயிண்டு அடிச்சது யாருண்ணே?"

"பூஜைக்கு வருசா வருசம் மேலாப்ல அடிக்கிறதுதேன். இந்த வருசம் ஒரு போல்ட்டுல கூடத் துரு தெரியக் கூடாது, எல்லாத்தையும் கழத்தி அடின்னு பெயிண்டர்ட்ட நான்தேன் நின்னு சொன்னேன்" என்றார், கொஞ்சம் பெருமையாகவே.

எமரிப் பேப்பரால் இரும்பு தெரியத் தேய்த்து, போல்ட்டை முறுக்கினாள். ஆறு தடவை ஸ்டார்ட் அடித்தும் டிஸ்பிளே கண் சிமிட்டவில்லை.

பெரியகருப்பன் இறங்கி வந்து குரலைத் தாழ்த்தினார். "வயர் லூசுன்னு சொல்லிக்குவோம். அந்த முருகேசன் பயலுக்குத் தெரிஞ்சா எகிறுவான். வண்டி ஓட்ட வேற ஆளும் பேசியாச்சு."

தூ, இதெல்லாம் ஒரு மனுஷ ஜென்மமா என்று ஜெயமேரிக்கு அருவருத்தது. திட்ட வாயெடுத்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. இவராவது பூஜை செய்கிறோம் என்று நினைத்துப் பெயிண்டு அடித்தார். பதினெட்டு வருடம் தொழில் பார்த்தவள், வண்டியைப் பார்க்காமல், படுத்தபடியே ஒருவன் பிழைப்பில் கை வைத்திருக்கிறாள். அருவருப்பு அப்படியே அவள் மேல் திரும்பியது.

வேலை போய்க் கன்னிவாடியில் இருந்த முருகேசனுக்கு அங்கே நின்றபடியே போன் போட்டு, பெரியகருப்பன் காதில் விழும்படி எல்லாவற்றையும் சொன்னாள். பிறகு போனை அவரிடம் நீட்டினாள். "நீங்களே அவன வேலைக்குக் கூப்புடுங்கண்ணே. இல்லாட்டி உங்க வண்டிய இனி நான் தொட மாட்டேன்."

அவர் முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு, "காலைல வண்டிக்கு வந்துருப்பா" என்றார். மன்னிப்பு என்று ஒரு சொல் இல்லை.

போனைத் திரும்ப வாங்கி, "முருகேசா, தப்பு என்னுதுப்பா. நீ அன்னைக்கே எனக்கு ஒரு போன் போட்டுருக்கலாம்ல?" என்றாள்.

"எப்பிடிக்கா போடுவேன்? அக்காவே சொல்லிருச்சுன்னு மொதலாளி சொன்னாரு. நீங்க சொன்னா சரியாத்தான இருக்கும்? நான்தேன் கெடுத்துட்டேன்னு நானும் நம்பிட்டேன்."