துறைமுகத்து இஸட் டிரைவ்

முட்டாள்தனத்துக்குப் பரிசு வைத்தால் குளச்சலில் வேறு யாரும் போட்டிக்கு வரவேண்டியதில்லை. இஸட் டிரைவ் என்றால் எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஒரே இடம்தான் என்று நம்பியவன் நான். அதுவும் படித்துப் பட்டம் வாங்கிவிட்டு நம்பியவன்.

விசைப்படகு உரிமையாளர்களின் அலுவலகத்தில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. துறைமுகக் கொட்டகையில் இருக்கும் எழுத்தர், படகு கிளம்பும் கடைசி நிமிடத்தில்தான் ஆட்கள் பட்டியலை அடித்து சர்வரில் போட்டு, அது கிடக்கும் முகவரியை எங்களுக்கு அனுப்புவார். அதுவரை எங்கள் ஆட்கள் படகு மாறிக்கொண்டே இருப்பார்கள். மச்சான் பச்சைப் படகில் நிற்கிறான் என்பதற்காக நீலப் படகிலிருந்து பையோடு தாவிவிடுவார்கள். எங்கள் அலுவலகச் செயலாளர் கொட்டகைக்குப் போன் போட்டுப் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொள்வார். “இந்தக் காலத்துல போனா?” என்று பல்லைக் காட்டியவன் நான்தான்.

அலுவலக மாடியிலிருந்த என் கம்ப்யூட்டரை விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாற்றினேன். ஃபைலின் முகவரியில் விண்டோஸ் போடும் கோடு இடப்பக்கம் சாயும். லினக்ஸ் போடுவது வலப்பக்கம். எழுத்தர் அனுப்பும் முகவரியில் கோட்டைத் திருப்பிப் போட்டு, இஸட் என்ற எழுத்துக்குப் பதில் மாடியில் நாங்கள் இஸட் என்று வைத்திருந்த ஃபோல்டரின் முழுப்பெயரைச் செருகும் பத்து வரி புரோகிராம் எழுதினேன். எனக்கு நானே கைதட்டியும் கொண்டேன்.

இஸட் என்பது சர்வரில் இருக்கும் ஏதோ ஒரு ஃபோல்டருக்கு ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தன் வசதிக்கு வைத்துக்கொள்ளும் கூப்பிடு பெயர். ‘மக்கா’ என்றால் தெருவுக்குத் தெரு வேறு ஆள் திரும்புவதைப் போல. இது உறைக்க எனக்கு ஒரு மத்தியானம் தேவைப்பட்டது.

அன்று காற்று திடீரென்று திசை மாறியது. கடல் ஈயம் உருக்கி ஊற்றிய நிறத்தில் கிடந்தது. வயர்லெஸ்ஸில் நீலப் படகு பதில் சொன்னது. பச்சைப் படகு சொல்லவில்லை. செயலாளர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அந்தப் பக்கம் வெறும் இரைச்சல். படிகளில் ஆட்கள் ஏறி வந்து நின்றார்கள். கடியப்பட்டணத்திலிருந்து வந்த ஒரு பெண் என் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“தம்பி, எனக்க மாப்பிள நீலத்துலயா, பச்சையிலயா? ரெண்டுல ஒண்ணுன்னு சொல்லிட்டுத்தான் போனாவ.”

பச்சைப் படகின் முகவரியைப் புரோகிராமில் போட்டேன். பட்டியல் உடனே திறந்தது. ஃபைல் இல்லை என்று அது கத்தியிருந்தால் தேவலை. எட்டுப் பெயர்கள். அவள் கணவர் பெயர் அதில் இல்லை.

“அண்ணன் பச்சையில இல்லக்கா. போய் கறி வையுங்க” என்றேன். கூடவே ஒரு சிரிப்பு வேறு.

அவள் சிலுவை போட்டுக்கொண்டு படியிறங்கினாள். என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்த மீனவர் ஒருவர் திரையில் விரல் வைத்தார்.

“ஏலே, மூணாவது எனக்க பேருல்லா?”

“அதுக்கென்ன?”

“அதுக்கென்னவா? நான் இஞ்ச நிக்கேன். அப்ப கடல்ல நிக்கது எவன்?”

யாரும் சிரிக்கவில்லை. கொட்டகைக்குப் போன் போட்டேன்.

“அண்ணே, ஒங்க இஸட்டுல என்ன கெடக்கு?”

“இப்ப போன படகுக்க ஆளு. வேற என்ன கெடக்கும்? ஒனக்க இஸட்டுல?”

என்னுடையதில் கிடந்தவை, கரைக்குத் திரும்பிய படகுகளின் பழைய பட்டியல்கள். அதே படகு, அதே ஃபைல் பெயர். போன தடவை போனவர்கள்.

சர்வரில் கொட்டகையின் ஃபோல்டரைத் தேடிப் பச்சைப் படகின் பட்டியலைத் திறந்தேன். நான்காவது பெயர் அவள் கணவருடையது.

ஜன்னல் வழியே பார்த்தேன். வாசலில் ஆட்டோவுக்குள் ஒரு காலை வைத்திருந்தாள். கூப்பிட்டேன். அவள் ஏறி வந்த ஒவ்வொரு படியும் எனக்குக் கேட்டது.

பெயரைச் சொன்னேன். அதோடு நிறுத்தத் தெரிந்தவனா நான்? கோடு சாய்ந்த கதை, அங்கே ஒரு இஸட் இங்கே ஒரு இஸட், தப்பு முழுக்க என்னுடையது என்று வாய் பாட்டுக்கு ஓடியது. அவள் என்னைப் பார்க்கவே இல்லை. செயலாளர் கையிலிருந்த கருவியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீ பேசாத. வயர்லெஸ் பேசட்டு.”